வெறும் வயிறோடு ஓடினால் பாரமில்லை என்று யார் சொன்னது?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு கிராமக் கழகத்தின் உதைபந்தாட்டப் பயிற்றுநர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ஊரையும் கழகத்தையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். வயது 34, பகலில் வயல், பின்னேரம் மைதானம். போன மாதம் கிளிநொச்சிப் பக்கம் நடந்த விலகல் முறைத் தொடர் ஒன்றுக்குப் பெடியளைப் பட்டா வாகனத்தில் ஏற்றிக்கொண்டு காலை 6 மணிக்குப் புறப்பட்டிருக்கிறார். முதல் ஆட்டம் 9.30க்கு, அதில் மூன்று கோல் அடித்து வெற்றி. அடுத்தது மத்தியானம் 1.30க்கு. இடைவேளை வரை ஒரு கோல் முன்னிலை, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மூன்று கோல் வாங்கித் தோல்வி. இரண்டு பேருக்குக் கால் பிடித்துக்கொண்டது, ஒருவன் வாந்தி எடுத்தான், நடுக்களத்தில் விளையாடும் ஒருவன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி விழுந்துவிட்டான்.

சாப்பாட்டு விபரத்தையும் எழுதியிருக்கிறார். முதல்நாள் இரவு 9 மணிக்கு ஆதரவாளர் ஒருவரின் செலவில் மாட்டிறைச்சிக் கொத்து. காலையில் பெரும்பாலானோர் ஒன்றும் சாப்பிடவில்லை, 'வெறும் வயிறெண்டால் பாரமில்லாமல் ஓடலாம்' என்று அணியின் மூத்தவர் சொல்லியிருக்கிறார். ஒருவன் மட்டும் பலத்துக்கென்று மூன்று முட்டை. ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் உள்ளங்கையில் குளுக்கோஸ் மாவைக் கொட்டி நக்கியிருக்கிறார்கள். மத்தியானம் 1 மணிக்கு றோல்ஸும் சோடாவும். 17 வயதுக்காரன் ஒருவன் இரண்டு கான் எனர்ஜி டிரிங்க். பின்கள வீரர் ஒருவர் முழங்கால் நோவுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் டைகுளோபெனாக் குளிசை போடுகிறவர். கனடாவிலிருந்து ஒரு அண்ணா அனுப்பிய புரோட்டீன் பவுடர் டப்பாவும் கழக அறையில் இருக்கிறது. 'புட்டும் சோறும் சாப்பிட்டு வளர்ந்த பெடியளுக்கு இறைச்சி, முட்டை, பவுடர் இல்லாமல் கடைசி வரைக்கும் ஓடப் பலம் வருமா? கழகத்தில் காசும் இல்லை. ஆட்டத்துக்கு முதல் என்ன குடுக்கலாம், என்ன குடுக்கக் கூடாது?' என்பது அவருடைய கேள்வி. வெள்ளி விரதம் பிடிக்கிற முன்கள வீரன் ஒருவனைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

தோற்ற ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக நடுவரைத்தான் திட்டுவார்கள். நீங்கள் கொத்து ரொட்டியைச் சந்தேகித்திருக்கிறீர்கள், அதற்கே ஒரு பாராட்டு. யார், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார்கள் என்று இவ்வளவு ஒழுங்காக எழுதிய கடிதம் எனக்கு அரிதாகத்தான் வரும். அதனால்தான் பதிலும் இலகுவாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இருக்கிற மணிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். இரவு 9 மணிக்குக் கொத்து. அடுத்த சாப்பாடு மறுநாள் மத்தியானம் 1 மணிக்கு றோல்ஸ். நடுவில் 16 மணித்தியாலம், அதற்குள் ஒரு முழு ஆட்டம், கிளிநொச்சி வெயில், பட்டாவின் பின்பக்கத்தில் குலுங்கிய பயணம். இந்த 16 மணித்தியாலத்தை விட்டுவிட்டு இறைச்சி போதாது, பவுடர் போதாது என்று யோசிப்பது வீண். உங்கள் பெடியளுக்குக் குறைந்தது இறைச்சியில்லை, நேரத்துக்குக் கிடைக்க வேண்டிய சோறு.

சாப்பாட்டு விடயத்துக்கு வர முதல் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

விழுந்த பெடியனும் குளிசை போடுகிறவரும்

வெயிலில், பசியோடு, தண்ணீர் குறைந்து ஒருவன் மயங்குவது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தவனை 'சாப்பிடாததாலே வந்தது' என்று நாங்களாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. ஓடி முடித்து நின்றபின் தலை சுற்றுவது ஒன்று, ஓட்டத்தின் நடுவில் விழுவது வேறொன்று. இரண்டாவதில் இருதயத்தைப் பார்த்தே ஆகவேண்டும். முன்பும் இப்படி வந்திருக்கிறதா, நெஞ்சு நோவோ படபடப்போ இருந்ததா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று அவனையும் தாய் தகப்பனையும் கேளுங்கள். மாவட்ட வைத்தியசாலையில் காட்டி ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், கூடவே இரத்தச்சோகை இருக்கிறதா என்ற பரிசோதனையும். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு போகாது. வைத்தியர் சரி என்று சொல்லும் வரை அவனை மைதானத்தில் இறக்காதீர்கள், அடுத்த ஆட்டம் இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி. 'நான் நல்லாத்தான் இருக்கிறன் அண்ணா' என்று அவன் சொல்லுவான். 19 வயதில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

அடுத்தது அந்த டைகுளோபெனாக். நோவுக் குளிசையில் இந்த வகை, அதாவது டைகுளோபெனாக், இபுபுரூபன் போன்றவை, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. சாதாரண நாளில் ஆரோக்கியமான ஒருவர் எப்போதாவது போடுவது வேறு. வெறும் வயிறு, உடம்பில் தண்ணீர் இல்லை, மேலே வெயில், ஒரு மணித்தியாலம் ஓட்டம், அதோடு இந்தக் குளிசை என்றால் சிறுநீரகம் ஐந்து பக்கத்தாலும் அடி வாங்குகிறது. இரைப்பைப் புண்ணும் வரலாம். வவுனியாப் பக்கம் காரணம் முழுதாகத் தெளியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் எத்தனை விவசாயக் குடும்பங்களைப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவரும் பகலில் வயலில் நிற்கிறவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முழங்கால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குளிசை கேட்கிறதென்றால் அது காட்ட வேண்டிய முழங்கால், மறைக்க வேண்டியது இல்லை. இது ஒரு வீரரின் சொந்த விடயம் என்று நீங்கள் ஒதுங்க முடியாது, குளிசை போட்டு விளையாடுவதைக் கழகம் ஏற்றுக்கொள்ளாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

சரி, இனிச் சாப்பாடு.

இறைச்சி, முட்டை, பலம்

இறைச்சி சாப்பிட்டால் பலம் என்பது எங்கள் ஊரில் மட்டும் இருந்த நம்பிக்கை இல்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஆட்டத்துக்கு முதல் மாட்டிறைச்சி வாட்டிச் சாப்பிடுவதுதான் வீரர்களின் வழக்கம். 1996இல் ஆர்சென் வெங்கர் ஆர்சனல் அணிக்கு வந்தபோது முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று சாப்பாட்டு மேசை. இனிப்பையும் கொழுப்பையும் குறைத்து, அவித்த மீன், கோழி, மரக்கறி என்று மாற்றினார், வீரர்கள் முணுமுணுத்தார்கள். உங்கள் அணியில் நிச்சயம் நான்கைந்து ஆர்சனல் ரசிகர்கள் இருப்பார்கள், அவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நான் சொல்வதைவிட வேகமாக ஏறும்.

விடயம் இதுதான். வேகமாக ஓடுவது, நிற்பது, திரும்பி மறுபடி ஓடுவது என்ற உதைபந்தாட்ட ஓட்டத்துக்குத் தசை எரிப்பது பெரும்பாலும் மாச்சத்தை. சோறு, பாண், இடியப்பம், கிழங்கு, பழம் இவற்றிலிருந்து வரும் மாச்சத்து கிளைக்கோஜன் என்ற பெயரில் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கப்படுகிறது. அந்த இருப்பு அளவானதுதான், ஒரு முழு ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பல தசைநார்களில் அது ஏறக்குறையத் தீர்ந்துவிடும். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மூன்று கோல் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, அது இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம். இறைச்சியும் முட்டையும் தருவது புரதமும் கொழுப்பும். தசை வளரவும் அடிபட்டது ஆறவும் அவை கட்டாயம் வேண்டும், ஆனால் அன்றைக்கு ஓடுவதற்கான எரிபொருள் அவை இல்லை. போதாக்குறைக்குக் கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். காலையில் ஒரு அவித்த முட்டை பாணோடு என்றால் பரவாயில்லை, மூன்று முட்டை மட்டும் என்றால் வயிறு நிறைந்திருக்கும், கால் வெறுமையாக இருக்கும்.

ஆகவே புட்டும் சோறும் சாப்பிட்டு வளர்ந்த பெடியள் என்று நீங்கள் குறையாக எழுதியதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

மூத்தவர் சொன்னதில் பாதி உண்மை

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓட முடியாது என்பதை அவர் தன் அனுபவத்தில் கண்டிருப்பார், அது சரி. அதற்காக வயிற்றை வெறுமையாக விடு என்று முடிவெடுத்ததுதான் பிழை. இரவு நாங்கள் நித்திரை கொள்ளும்போதும் மூளை சீனியை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதை ஈரல் தன் இருப்பிலிருந்து கொடுக்கிறது, விடியும்போது ஈரலின் இருப்பு நன்றாகக் குறைந்திருக்கும். காலைச் சாப்பாடு நிரப்புவது முக்கியமாக அதைத்தான். தசையின் இருப்பை நிரப்புவது முதல்நாள் மத்தியானமும் இரவும் சாப்பிட்ட சோறு. அதனால் 'ஆட்டத்துக்கு முதல்' என்று நீங்கள் கேட்டது உண்மையில் முதல்நாளே தொடங்கிவிடுகிறது.

முதல்நாள் இரவு சோறு, பருப்பு, மீன் குழம்பு, ஒரு மரக்கறி, வழக்கத்தைவிடச் சோறு கொஞ்சம் கூட. கொத்து வேண்டாம் என்பதற்கு எண்ணெய் மட்டும் காரணமில்லை. எப்போது வெட்டிய இறைச்சி, எத்தனை தரம் சூடாக்கிய குழம்பு என்று தெரியாத சாப்பாட்டை ஆட்டத்துக்கு முதல்நாள் சாப்பிடுவது ஒரு சூதாட்டம். பதினாறு பேருக்கும் ஒரே கடையில் வாங்கினால் வயிற்றோட்டமும் பதினாறு பேருக்கும் வரலாம். உங்கள் ஆதரவாளரின் மனதை நோகடிக்காமல் அந்தக் கொத்தை ஆட்டம் முடிந்த இரவுக்கு மாற்றச் சொல்லுங்கள், அப்போது பெடியள் இன்னும் சந்தோசமாகச் சாப்பிடுவார்கள்.

கொத்தோடு 'கொஞ்சம் கள்ளும்' என்று ஒரு மூலையில் எழுதி, பிறகு வெட்டியிருக்கிறீர்கள். வெட்டினாலும் வாசிக்க முடிந்தது. மதுசாரம் நித்திரையைக் கெடுக்கும், சிறுநீரைக் கூட்டி உடம்பிலிருக்கும் தண்ணீரை வெளியேற்றும். முதல்நாள் இரவு வேண்டாம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த இரவும் வேண்டாம். இதற்கு மேல் பிரசங்கம் இல்லை.

எத்தனை மணிக்கு, எவ்வளவு

முக்கியமான சாப்பாடு ஆட்டத்துக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் முதல். ஆட்டம் 9.30 என்றால் 5.30இலிருந்து 6 மணிக்குள், அதாவது பட்டாவில் ஏறுவதற்கு முதல். விடியக் காலையில் இறங்காது என்பார்கள், உண்மைதான். அப்படியானவர்கள் இரவுச் சோற்றைக் கூட்டிக்கொண்டு, காலையில் பாதி அளவு சாப்பிட்டு, மிச்சத்தை 8 மணிக்கு வாழைப்பழமாகவோ ஜாம் பாணாகவோ எடுத்துக்கொள்ளலாம்.

அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முந்திய ஒன்று முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 4 கிராம் மாச்சத்து என்பது விளையாட்டுப் போசாக்கில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நேரம் கிட்டக்கிட்ட அளவு குறையும். 60 கிலோ பெடியனுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு முதல் கிலோவுக்கு 2 கிராம் என்று வைத்தால் 120 கிராம். அரை றாத்தல் பாணும் ஒரு வாழைப்பழமும் அதற்குக் கிட்ட வந்துவிடும். தராசும் அட்டவணையும் தேவையில்லை, இந்த ஒரு அளவை மனதில் வைத்திருந்தால் போதும்.

என்ன கொடுக்கலாம் என்றால், இடியப்பமும் தண்ணிச் சொதியும் இதற்கென்றே செய்தது போல இருக்கும், நார் குறைவு, கொழுப்பு குறைவு, இலகுவில் இறங்கும். புட்டும் நல்லது, ஆனால் தேங்காய்ப்பூவை வழக்கத்தில் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, பாணும் ஜாமும், வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு எல்லாம் சரி. இங்கே ஒரு விடயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சிவப்புக் குத்தரிசி, குரக்கன் புட்டு, பயறு, கடலை, கீரை என்று நாங்கள் எப்போதும் நல்லது நல்லது என்று சொல்கிற சாப்பாடுகளை ஆட்டத்தன்று காலையில் மட்டும் தள்ளி வையுங்கள். அவற்றின் நார் மற்ற நாட்களில் உடம்புக்கு நன்மை, ஓடும்போது வயிற்றில் காற்றும் குடைச்சலும். உறைப்புச் சம்பல், எண்ணெயில் பொரித்த வடை, றோல்ஸ், தடிப்பான தேங்காய்ப்பால் கறி, பலாப்பழம் இவையும் அதே பட்டியல். பால் சிலருக்கு ஒத்துவரும், சிலருக்கு வராது, அவரவருக்குத் தெரியும்.

பிறகு ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் இருக்கையில் ஒரு வாழைப்பழம் அல்லது நான்கைந்து மாரி பிஸ்கற். அதுக்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

குளுக்கோஸ், சோடா, கான்

குளுக்கோஸ் நஞ்சில்லை. பிழை அதை நக்கும் விதத்தில். தண்ணீர் இல்லாமல் மாவாகப் போகும்போது அந்தச் செறிவைக் கரைக்கக் குடல் உடம்பிலிருக்கும் தண்ணீரைத்தான் இழுக்கிறது, அதனால் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு. வெறும் வயிற்றில் சிலருக்குச் சீனி வேகமாக ஏறி வேகமாக இறங்கிச் சோர்வையும் தரும். அதே குளுக்கோஸை, இல்லாவிட்டால் வீட்டுச் சீனியை, 100 மில்லிலீற்றருக்கு 6 கிராம் என்ற அளவில் கரைத்தால் நல்ல பானம். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், தலை தட்டிய ஐந்து மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய். கடையில் விளையாட்டுப் பானம் என்று விற்பதில் இருக்கும் முக்கியமான சரக்கு இவ்வளவுதான். ஜீவனி வயிற்றோட்டத்துக்கானது, பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்தால் உப்புக்கு உதவும், ஆனால் ஓடுவதற்கான சீனி அதில் குறைவு. இளநீர் நல்லது, அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் அதிகம் போகிற சோடியம் குறைவு. ஆகவே ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கலாம்.

சோடாவில் சீனி கூட, அதோடு வாயு. 2016இலிருந்து போத்தலில் சீனி அளவுக்கு ஏற்றபடி சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறி போடுகிறார்கள், அதைப் பார்த்தாலே புரியும். றோல்ஸின் எண்ணெயும் சோடாவின் வாயுவும் வயிற்றில் இருக்க அரை மணித்தியாலத்தில் ஓடத் தொடங்கினால் வாந்தி வராமல் என்ன செய்யும்?

அந்த 17 வயதுக்காரனின் இரண்டு கான் விடயம் கொஞ்சம் கடுமையானது. 250 மில்லிலீற்றர் கான் ஒன்றில் சாதாரணமாக 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், இரண்டென்றால் 160. வளர்ந்த வீரர்கள் சிலர் அளவோடு கஃபீன் எடுப்பதுண்டு, அது தடை செய்யப்பட்டதும் இல்லை. ஆனால் 18 வயதுக்குக் கீழே எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம், படபடப்பு, கைநடுக்கம், அன்றிரவு நித்திரையின்மை என்று நட்டம்தான் கூட. காலையில் ஒரு பிளேன்டீ குடிக்கட்டும், அதிலும் கஃபீன் இருக்கிறது, விலையும் குறைவு.

இரண்டு ஆட்டத்துக்கு நடுவில்

என்னைக் கேட்டால் உங்கள் அணி தோற்றது மைதானத்தில் இல்லை, 10.30க்கும் 1.30க்கும் நடுவில். அந்த மூன்று மணித்தியாலத்தை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆதரவாளர் றோல்ஸோடு வருவார் என்று காத்திருந்திருக்கிறீர்கள், அவர் வந்தது 1 மணிக்கு. இதில் அவரிலும் பிழையில்லை, சாப்பாட்டுப் பை உங்களோடு பட்டாவிலேயே வந்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டம் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் மர நிழலில் இருத்தி, ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு பணிஸ், மேலே சொன்ன சீனி உப்புத் தண்ணீர். 11 மணியளவில் பாணும் ஜாமும், வயிறு பாதி நிறையும் அளவுக்கு. 12.30க்கு இன்னொரு வாழைப்பழம் அல்லது பேரீச்சம்பழம் நாலு. இடைவேளையில் சீனித் தண்ணீர் இரண்டு மூன்று மிடறு, தோடம்பழத் துண்டு. சோற்றுப் பார்சலைப் பற்றி யோசிப்பீர்கள். விடிய 5 மணிக்குக் கட்டிய தேங்காய்ப்பால் கறிச் சோறு, தகரக் கூரை போட்ட பட்டாவில் 11 மணி வரை இருந்தால், வாழையிலையில் கட்டியிருந்தாலும் பழுதாகத் தொடங்கிவிடும். இடியப்பச் சொதியும் அப்படித்தான். வெளியே போகும் நாளில் நனையாத, பால் படாத சாப்பாடே பாதுகாப்பு.

தண்ணீரும் வீட்டிலிருந்தே போகட்டும். மைதானத்தில் ஒரு வாளியும் ஒரு கோப்பையும் வைத்து முழு அணியும் குடிப்பது எங்கள் ஊர்களில் இன்னும் நடக்கிறது, ஆளுக்கொரு போத்தல் என்று பழக்குங்கள். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முதல் 300 முதல் 400 மில்லிலீற்றர், பிறகு தாகத்துக்கு ஏற்ப. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி, கடும் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும். அதற்காகப் பயந்து லீற்றர் கணக்கில் வெறும் தண்ணீரைத் திணிப்பதும் கூடாது, இரத்தத்திலிருக்கும் உப்பு ஐதாகி அது வேறு ஆபத்து. பயிற்சிக்கு முதலும் பிறகும் ஒரு தராசில் நிறை பார்த்தால் ஒவ்வொருவனும் எவ்வளவு வியர்க்கிறான் என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை. 60 கிலோ பெடியன் 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அது 2 வீதத்தைத் தாண்டுகிறது, அந்த அளவில் ஓட்டமும் கவனமும் குறையத் தொடங்கும்.

கால் பிடிப்பதற்கு உப்புக் குறைவுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுக் காரணம் இல்லை. பழக்கத்தைவிடக் கூடுதலாகக் களைத்த தசைதான் பெரும்பாலும் பிடிக்கிறது, வெயிலும் தண்ணீர்க் குறைவும் அதைக் கூட்டுகின்றன. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் பயிற்சியும் அதற்கேற்ப இருக்கவேண்டும், அது என்னைவிட உங்களுக்குத் தெரிந்த விடயம். பிடித்த உடனே மெதுவாக இழுத்துப் பிடித்து நீட்டுவதே சிறந்த வைத்தியம்.

இன்னொன்று. மத்தியானம் 1.30க்கு வன்னி வெயிலில் ஆட்டம் வைக்கிற ஏற்பாட்டாளர்களிடம் தண்ணீர் இடைவேளை கேட்பது உங்கள் உரிமை. ஆட்ட விதிகளே அதற்கு இடம் கொடுக்கின்றன. 2014 உலகக்கிண்ணத்தில் பிரேசிலின் போர்ட்டலேசாவில் நெதர்லாந்தும் மெக்சிக்கோவும் விளையாடியபோது வெக்கைக்காக ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். ஆட்டத்துக்கு முதல் இரு அணிப் பயிற்றுநர்களும் சேர்ந்து நடுவரிடம் கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை.

விரதமும் பவுடரும்

வெள்ளி விரதம் பிடிக்கிறவனை வற்புறுத்த வேண்டாம், கிண்டலும் வேண்டாம். அவன் மத்தியானம் ஒருபொழுது சாப்பிடுகிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள். மின்னொளி ஆட்டம் இரவு 7 மணிக்கு என்றால் 1 மணிச் சோறு ஆறு மணித்தியாலத்துக்கு முந்தியது, கொஞ்சம் தூரம்தான். பாலும் பழமும் எடுக்கலாம் என்பது அவன் வீட்டு வழக்கமாக இருந்தால் 4 மணிக்கு இரண்டு மூன்று வாழைப்பழமும் பேரீச்சம்பழமும், 6 மணிக்கு இன்னொரு பழம், போதும். மரக்கறிச் சாப்பாடு ஓட்டத்துக்குத் தடையே இல்லை. தண்ணீரும் குடிக்காத விரதம் என்றால் அன்றைக்கு அவனை மாற்று வீரனாக வைப்பதைப் பற்றி அவனோடு தனியாகக் கதையுங்கள், முடிவு அவனுடையதாக இருக்கட்டும். உங்கள் அணியில் நோன்பு பிடிக்கிற முஸ்லிம் பெடியள் சேர்ந்தாலும் இதே மரியாதைதான்.

புரோட்டீன் பவுடர் டப்பாவை என்ன செய்வது? ஆட்டத்துக்கு முதல் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆட்டத்துக்குப் பிறகு புரதம் வேண்டும், அதற்கு மீன் இருக்கிறது, பருப்பு இருக்கிறது, முட்டை இருக்கிறது. கடலோர மாவட்டத்தில் இருந்துகொண்டு கனடாவிலிருந்து புரதம் எடுப்பிக்கத் தேவையில்லை. இப்படியான டப்பாக்களில் லேபலில் எழுதாத தடைசெய்யப்பட்ட பொருட்கள் கலந்திருந்த சம்பவங்கள் உலகில் நிறைய. ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இலங்கையிலும் இருக்கிறது, நாளைக்கு உங்கள் பெடியன் ஒருவன் தேசிய மட்டத்துக்குப் போய்ச் சோதனையில் மாட்டினால் 'தெரியாமல் குடிச்சன்' என்பது எடுபடாது, உடம்பில் இருந்தால் பொறுப்பு அவனுடையது. அனுப்பிய அண்ணாவுக்கு நன்றி சொல்லி, அடுத்த முறை இரண்டு பந்தும் பதினாறு தண்ணீர்ப் போத்தலும் வாங்கத் தரச் சொல்லுங்கள்.

காசு இல்லை என்றீர்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டினால் பதினாறு பேருக்குப் பாண், ஒரு குலை வாழைப்பழம், ஒரு போத்தல் ஜாம், சீனி, உப்பு, தேசிக்காய். றோல்ஸுக்கும் சோடாவுக்கும் கானுக்கும் போன காசில் இது அடங்கும். காலைச் சாப்பாட்டைக் கழகம் வாங்க வேண்டியதில்லை, முதல்நாளே தாய்மாரிடம் 'நாளைக்கு 5.30க்கு இடியப்பம், சம்பல் குறைச்சு' என்று ஒரு சொல் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் இதில் எதையும் தொடர் நடக்கும் நாளில் முதன்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். வயிறும் பழக வேண்டும், சிலருக்கு வாழைப்பழமே ஒத்துவராது, சிலருக்கு மூன்று மணித்தியாலம் போதாது. வருகிற ஞாயிறு காலைப் பயிற்சிக்கு முதல் இந்த மணிக் கணக்கின்படி எல்லாரையும் சாப்பிட வைத்து, இரண்டு ஆட்டம் மாதிரியே நடுவில் மூன்று மணித்தியாலம் விட்டு ஓட விட்டுப் பாருங்கள். யாருக்கு எது இறங்கவில்லை என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். விழுந்த பெடியன் மட்டும் அன்றைக்கு ஓடக் கூடாது, அவனுடைய ஈ.சி.ஜி. முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.